காலிப் பக்கம்

சில மாதங்களுக்கு முன் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து வெளியில் டீ குடித்துக்கொண்டு நின்றபோது, நம் பத்திரிகைகளின் இணையதளங்கள் பார்வையற்றவர்களும் வாசிக்கும்படி இருக்க வேண்டாமா என்று கேட்டேன். கவிஞர் ஒருவர் — நல்ல கவிஞர், அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது — ‘அது கம்ப்யூட்டர்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், நமக்கு அதில் என்ன இருக்கிறது?’ என்றார். இன்னொருவர், விதிகளுக்கு உட்பட்டுத்தான் எல்லாம் என்றால் சிறுபத்திரிகை எதற்கு, அரசாங்க கெஜட் போதாதா என்று சிரித்தார். மூன்றாமவர், ‘பாவம், அவங்களுக்கும் ஏதாவது செய்யத்தான் வேணும்’ என்றார். இந்த மூன்றில் எனக்குக் கோபம் மூட்டியது மூன்றாவது பதில்தான். முதல் இரண்டும் அறியாமை. அறியாமையோடு பேசிப் பார்க்கலாம். மூன்றாவது ஒரு நிலைப்பாடு.

அந்த நிலைப்பாட்டின் பெயர் கருணை. கருணைக்கு எப்போதும் ஒரு மேல்படி தேவைப்படுகிறது. அதில் நின்றுகொண்டுதான் கொடுக்க முடியும். கொடுக்காமல் இருந்தாலும் குற்றமில்லை, கருணை கடனல்ல. இணையப் பக்கங்களை உடற்குறையுள்ளவர்களும் பயன்படுத்துவதற்கென்று உலக அளவில் வகுக்கப்பட்டிருக்கும் தரவிதிகளைப் பற்றி ஓர் இலக்கியப் பத்திரிகையில் நான் எழுத வந்ததற்குக் காரணம், அவை இந்த மேல்படியை இடித்துப் போட்டிருக்கின்றன என்பதுதான். இடித்த இடத்தில் புதிய போலிகள் முளைத்திருப்பதையும் சொல்லத்தான் போகிறேன்.

முதலில் விஷயம். வலைக்கு விதிமுறை வகுக்கும் வேர்ல்ட் வைட் வெப் கன்சார்ட்டியம் என்ற அமைப்பு 1999 மே மாதத்தில் ‘வலை உள்ளடக்க அணுகல் நெறிகள்’ என்று சொல்லத்தக்க ஒன்றை வெளியிட்டது. 2008 டிசம்பரில் அதன் 2.0 பதிப்பு, 2018 ஜூனில் 2.1, 2023 அக்டோபர் 5-ம் தேதி 2.2. இந்த 2.2-ஐ 2025-ல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பும் தன் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. 2.2-ல் புதிதாகச் சேர்ந்த விதிகள் 9, காலாவதியாகிவிட்டதென்று கழிக்கப்பட்டது 1, மொத்தம் 86. ஒவ்வொரு விதிக்கும் ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ என்று ஒரு படிநிலை. சட்டங்கள் கேட்பது பெரும்பாலும் டபுள் ஏ வரைதான்.

படிக்கச் சுகமான எழுத்தல்ல இது. ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருக்கிற எனக்கு இதன் வாக்கியங்கள் தலைமை அலுவலகச் சுற்றறிக்கைகளைத்தான் ஞாபகப்படுத்தின. ஆனால் சுற்றறிக்கைகளை வாசித்துப் பழகியவனுக்கு ஒன்று தெரியும்: ஒரு எண் எங்கிருந்து வந்தது என்று துருவினால் அதற்குப் பின்னால் யாரோ ஒரு மனிதன் இருப்பான். எழுத்தின் நிறத்துக்கும் பின்னணி நிறத்துக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறைந்தபட்சம் 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது ஒரு விதி. ஏன் 4.5? சாதாரணக் கண்ணுக்கு 3 போதும் என்பது பழைய கணக்கு. எண்பது வயதை ஒட்டியவர்களின் பார்வை 20/40 அளவுக்குத் தளர்ந்திருப்பது சகஜம். அந்தத் தளர்ச்சியை ஈடுசெய்ய ஒன்றரை மடங்கு. மூன்றை ஒன்றரையால் பெருக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த 4.5-க்குள் ஒரு கிழவி கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்தைப் போட்டு அதற்கு ரசனை என்று பெயர் சூட்டுகிற நம் வடிவமைப்பாளர்கள் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறார்கள். நம்மிலும் எத்தனை பேர் அவள் வயதை எட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது வேறு விஷயம்.

இன்னொன்று: விரலால் தொட வேண்டிய பொத்தான் 24-க்கு 24 பிக்சலுக்குக் குறையக் கூடாது, குறைந்தால் சுற்றிலும் அதற்கு ஈடான இடைவெளி வேண்டும். கணக்குப்படி இது கால் அங்குலம். கை நடுங்குகிறவனுக்கான விதி இது. இதே விஷயத்தில் 2018-ன் பதிப்பு 44 பிக்சல் கேட்டது. ஆனால் அதை யாரும் கட்டாயப்படுத்தாத ட்ரிபிள் ஏ-யில் வைத்துவிட்டது. டபுள் ஏ-க்கு இறக்கியபோது 44 தேய்ந்து 24 ஆயிற்று. யாருடைய நடுக்கம் கால் அங்குலத்துக்குள் அடங்குமோ அவன் உள்ளே வரலாம். இது பேரம். விதிகளை வகுக்கும் மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்து நடந்த பேரத்தின் தழும்பு அந்த 24.

பேரம் என்றாலும் இதில் கருணை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 86 விதிகளில் ஒன்றுகூட ‘உடற்குறையுள்ளவர் இப்படி நடந்துகொள்ள வேண்டும்’ என்று ஆரம்பிப்பதில்லை. பக்கம் இப்படி இருக்க வேண்டும், பொத்தான் இப்படி இருக்க வேண்டும் என்றே பேசுகின்றன. குறை என்பது இருக்கும் இடம் உடம்பிலிருந்து பக்கத்துக்கு மாறிவிட்டது. ஊனமுற்றோர் என்ற சொல்லை எடுத்துவிட்டு மாற்றுத்திறனாளி என்ற சொல்லை வைத்தபோது நாமும் அதைத்தான் செய்ததாக நினைத்துக்கொண்டோம். சொல்லை மாற்றினோம், பக்கம் அப்படியே கிடக்கிறது.

யாருடைய புலனை வைத்து ஒரு பக்கத்தை அமைப்பது என்ற சண்டை இன்றையதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் வாலன்தேன் அயுயி பார்வையற்றவர்களுக்கென்று ஒரு பள்ளி தொடங்கி, ரோமன் எழுத்துகளையே தாளில் புடைக்க அச்சிட்டுப் படிக்க வைத்தார். பார்ப்பவர்களுக்கு அழகான எழுத்து. விரலுக்கோ ஒவ்வொரு எழுத்தும் ஒரு புதிர். அதே பள்ளியின் மாணவன் லூயி பிரெயில், ஆறு புள்ளிகளால் ஆன தன் முறையை 1829-ல் வெளியிட்டான். விரல்நுனியின் கீழ் ஒரே தொடுகையில் ஓர் எழுத்து. பள்ளி நிர்வாகம் என்ன செய்தது? 1840-களின் தொடக்கத்தில் அதைத் தடைசெய்தது. பார்வையுள்ள ஆசிரியர்களுக்குப் புரியாத எழுத்தில் மாணவர்கள் எழுதிக்கொள்வதா? மாணவர்கள் மறைத்து வைத்துக்கொண்டு எழுதினார்கள். பிரெயில் இறந்து இரண்டு வருஷம் கழித்து, 1854-ல் பிரான்ஸ் அதை அதிகாரபூர்வமாக ஏற்றது. அயுயி கருணையுள்ளவர்தான், சந்தேகமில்லை. ஆனால் அவருடைய புத்தகம் பார்ப்பவனின் கண்ணை நம்பி அச்சிடப்பட்டது.

இனி என் மேஜைக்கு வருகிறேன். எங்கள் கிளையின் வாடிக்கையாளர் ஒருவர், அரசுப் பள்ளித் தமிழாசிரியர், பிறவியிலேயே பார்வையில்லாதவர். போனில் திரையை வாசித்துச் சொல்லும் குரலை நம்மால் பின்தொடர முடியாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார். எங்கள் வங்கியின் இணையச் சேவையில் நுழைய அவரால் முடியவில்லை. பெயர் அடிக்கிறார், பாஸ்வேர்டு அடிக்கிறார், அடுத்ததாகக் கோணல்மாணலாக நெளிந்த ஆறு எழுத்துகள் கொண்ட ஒரு படம். அதைப் பார்த்து அடிக்க வேண்டும். கேட்டு அடிக்க வழியில்லை. வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, போனை என்னிடம் நீட்டி, குரலைத் தாழ்த்திப் பாஸ்வேர்டைச் சொல்வார். நான் அடிப்பேன். ‘பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள், வங்கி ஊழியரிடம்கூட’ என்று எழுதிய அட்டை என் தலைக்கு மேலே தொங்குகிறது. அதை அவர் பார்த்ததில்லை. நான் தினமும் பார்க்கிறேன். அவருடைய இருப்பு எவ்வளவு, எந்தத் தேதியில் யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு நாள், ‘தம்பி, நல்லவேளை நீங்க நல்லவரா இருக்கீங்க’ என்றார். பாராட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. என் நல்ல குணத்தின் மேல் இன்னொருவரின் சேமிப்பு நிற்கிறது என்றால் அந்த ஏற்பாட்டில் எங்கோ கோளாறு.

அந்தப் படத்துக்குப் பெயர் கேப்ட்சா. எதிரில் இருப்பது இயந்திரமா மனிதனா என்று பிரித்தறியும் சோதனை என்பது அந்தச் சொல்லின் விரிவு. சோதனையின் தர்க்கத்தைப் பாருங்கள்: படத்தைப் பார்க்க முடிந்தவன் மனிதன். பார்க்க முடியாத தமிழாசிரியர் இயந்திரத்தோடு சேர்ந்துவிடுகிறார். நான் அவருக்காகப் பார்த்து அடித்துக் கொடுக்கும்போது அவர் மனிதர் என்பதற்கு நான் ஜாமீன் நிற்கிறேன். இந்தச் சோதனை பார்வையற்றவர்களை ஒதுக்குகிறது என்று அதே கன்சார்ட்டியம் 2005-லேயே ஒரு குறிப்பு வெளியிட்டாயிற்று. இன்றைக்கு அதே படத்தை இயந்திரங்கள் சுலபமாக வாசித்துவிடுகின்றன. தமிழாசிரியர்தான் வெளியில் நிற்கிறார்.

2.2-ன் புதிய விதிகளில் ஒன்று, எண் 3.3.8, நேராக இந்த இடத்தில் கைவைக்கிறது: உள்ளே நுழைவதற்கு மனப்பாடமோ, புதிர் விடுவிப்பதோ, பார்த்துப் பெயர்த்தெழுதுவதோ மட்டுமே வழியாக இருக்கக் கூடாது. பாஸ்வேர்டைச் சேமித்து வைத்து ஒட்ட விடாமல் தடுக்கும் தளங்கள் — பாதுகாப்பு என்ற பெயரில் இதைச் செய்பவை ஏராளம் — இந்த விதிப்படி தேறா. ஞாபகமறதிக்காரர், எழுத்துகள் இடம்மாறித் தெரியும் வாசிப்புக் குறையுள்ளவர் என்று நாம் ‘உடற்குறை’ என்ற சொல்லால் நினைத்தே பார்க்காதவர்களை இந்த விதி மனத்தில் வைத்திருக்கிறது. பாராட்டலாம். அடுத்த வரியைப் படித்தால் பாராட்டு தொண்டையில் நிற்கிறது: பொருளை அடையாளம் காணும் சோதனைக்கு விதிவிலக்கு உண்டு. அதாவது ஒன்பது கட்டங்களைக் காட்டி ‘இதில் போக்குவரத்து விளக்கு எதிலெல்லாம் இருக்கிறது’ என்று கேட்டால் இந்த விதியின்படி அது செல்லும். அந்த விதிவிலக்கை நீக்கிய தூய விதி 3.3.9 என்ற எண்ணில், யாரும் கேட்காத ட்ரிபிள் ஏ-யில், பூஜையறைப் படம்போல மாட்டி வைக்கப்பட்டிருக்கிறது. விதியை எழுதியவர்களுக்குச் சரி எது என்று தெரிந்திருக்கிறது. தெரிந்ததை எழுதி, எட்டாத உயரத்தில் வைத்தார்கள்.

நம் நாட்டுக் கதை இதைவிட விசித்திரம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் உடற்குறையுள்ளவர்கள் 2.68 கோடி, பார்வைக் குறை மட்டும் 50 லட்சம். 2016-ல் உரிமைச் சட்டம் வந்தது. 2017 ஜூனில் விதிகள் வந்தன. விதிகள் அறிவிக்கப்பட்டு இரண்டு வருஷத்துக்குள் சேவை தருகிற எல்லாரும், அரசோ தனியாரோ, தரத்துக்கு இணங்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2019 ஜூனில் கெடு முடிந்தது. ஒன்றும் இடிந்து விழவில்லை. ஏனென்றால் சட்டம் ‘கட்டாயம்’ என்று சொன்னதை 15-ம் விதி ‘வழிகாட்டுதல்’ என்ற மொழியில் பெயர்த்து வைத்திருந்தது. இதைக் கண்டுபிடித்துச் சொல்ல உச்ச நீதிமன்றம் வேண்டியிருந்தது. 2005-ல் பார்வைக் குறையுள்ள ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8-ம் தேதி, அந்த விதியின் முதல் பிரிவு மூலச் சட்டத்துக்கே முரணானது, செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பத்தொன்பது வருஷம். மொழியைப் பற்றிப் பேசுகிறவர்களான நாம் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது: ஒரு வினைமுற்றை மாற்றி எழுதியதில் கோடிக்கணக்கானவர்களின் உரிமை யோசனையாகத் தேய்ந்திருக்கிறது. ‘வேண்டும்’ என்பதற்கும் ‘நலம்’ என்பதற்கும் உள்ள தூரம். நம்முடைய உரையாசிரியர்கள் இதற்கு நாலு பக்கம் எழுதியிருப்பார்கள்.

2025 ஏப்ரல் 30-ம் தேதி இன்னொரு தீர்ப்பு. அமிலத் தாக்குதலுக்கு ஆளான ஒரு பெண், வங்கிக் கணக்கு தொடங்கப் போகிறார். உயிரோடு இருப்பதை நிரூபிக்கக் கேமரா முன் கண் சிமிட்டச் சொல்கிறார்கள். அவரால் இமைக்க முடியாது. பார்வையற்ற ஒருவரின் மனுவும் இதோடு சேர்ந்து விசாரிக்கப்பட்டது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று சொல்லி 20 உத்தரவுகள் போட்டது நீதிமன்றம். இமைக்காத கண்ணை உயிரில்லாததாக எடுத்துக்கொள்ளும் கேமராவும், என் மேஜைக்கு எதிரில் இருந்தவரை இயந்திரமாக எடுத்துக்கொண்ட படமும் ஒரே ரகம். தீர்ப்பு வந்த பிறகும் கொஞ்ச நாள் அவர் என்னிடம் வந்து பாஸ்வேர்டு சொல்லிக்கொண்டிருந்தார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

நம்முடைய தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 17802 வெளிவந்தது 2021-ல், 2.2 அப்போது இல்லை. அமெரிக்காவோ, 2.2 வெளிவந்து ஆறு மாதம் ஆன பிறகு, 2024 ஏப்ரலில் மாநில, உள்ளாட்சி அரசுத் தளங்களுக்கு விதி செய்தபோது 2.1-ஐத்தான் எடுத்துக்கொண்டது. சட்டம் எப்போதும் போன பதிப்பைத்தான் படித்துக்கொண்டிருக்கும் போலிருக்கிறது, நம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளைப் போல.

இப்போது போலிகள். விதி என்று ஒன்று வந்தவுடன் அதைப் பூர்த்திசெய்துவிட்டதாகச் சான்றிதழ் விற்கும் கடையும் வந்துவிடும். தளத்தின் ஓரத்தில் ஒரு சின்னம். அதை அழுத்தினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும். ஒரே ஒரு வரி நிரலைச் சேர்த்தால் உங்கள் தளம் விதிகளுக்கு இணங்கிவிடும் என்று விளம்பரம். திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர்கள் இது உதவாதது மட்டுமல்ல, தொந்தரவு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 2025-ல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம், இப்படி வாக்குறுதி கொடுத்த ஒரு நிறுவனத்தை 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது. தானியங்கிச் சோதனைகளின் யோக்கியதையும் இதுதான். படத்துக்கு மாற்றாக எழுத்து இருக்கிறதா என்று இயந்திரம் பார்க்கும். இருந்தால் பச்சை விளக்கு. அந்த இடத்தில் ‘படம்’ என்று எழுதியிருந்தாலும் பச்சைதான். மதிப்பெண் வாங்குகிறது, வாசிக்க ஆகாது. இந்த ரகத்தை இலக்கியத்திலும் நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்: யாப்பு பிசகாத, உயிரில்லாத வெண்பா.

நான் கவிஞருக்குச் சொல்ல நினைத்து டீக்கடையில் சொல்லாமல் விட்டது இதைத்தான். 1.1.1 என்பது இந்த நெறிகளில் முதல் விதி. எழுத்தாக இல்லாத எதற்கும், அதே நோக்கத்தை நிறைவேற்றும் எழுத்து ஒன்று கூடவே இருக்க வேண்டும். அதே தோற்றம் என்று சொல்லவில்லை, அதே நோக்கம். இதை எந்தக் கம்ப்யூட்டர்காரர் பார்த்துக்கொள்ள முடியும்? கவிதைக்கு மேலே ஒரு கோட்டோவியம் போடுகிறோம். அது அங்கே என்ன செய்கிறது? ‘மரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள்’ என்று இன்றைய செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்துவிடும், பிழையில்லாமல். அந்தப் பெண்ணின் முகம் மட்டும் வரையப்படாமல் விடப்பட்டிருக்கிறது, கவிதையிலும் அவள் பேசுவதே இல்லை என்பது அந்த ஓவியத்தின் நோக்கமாக இருந்தால், அதைப் பார்த்துச் சொல்லும் வேலை விமர்சகனுடையது. இரண்டு வரிக்குள் சொல்ல வேண்டிய விமர்சனம். நாற்பது பக்கத்தில் சொல்லிப் பழகிய நமக்குக் கஷ்டம்தான். இந்த விதியில் இன்னொரு கிளையும் உண்டு: படம் வெறும் அலங்காரம் என்றால், திரைவாசிப்பான் அதைத் தாண்டிப் போய்விடும்படி குறித்துவிட வேண்டும். அதாவது, ‘இது அலங்காரம், இதற்கு இங்கே வேலையில்லை’ என்று ஆசிரியர் எழுத்துமூலம் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பத்திரிகைகளில் வெளியாகும் ஓவியங்களில் எத்தனையை அப்படி ஒப்புக்கொள்வோம்?

விதிகள் சுதந்திரத்தைக் கெடுக்கும் என்றவருக்கும் பதில் உண்டு. ஒரு பக்கத்தை எப்படி அமைத்தாலும் ஒரு வாசகனை மனத்தில் வைத்துத்தான் அமைக்கிறோம். விதியே இல்லை என்று நினைக்கிறவரின் பக்கத்திலும் விதி இருக்கிறது — நல்ல கண், நடுங்காத கை, சிதறாத கவனம் உள்ளவன் மட்டும் வரலாம் என்ற விதி. எழுதப்படாததால் அது கண்ணில் படுவதில்லை. கவிதையின் வடிவம் போய்விடுமே என்ற கவலையில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சொற்களைப் பக்கத்தில் சிதறவிட்டு, வெற்றிடத்தையே பொருளாக்கிய கவிதை, திரைவாசிப்பானில் ஒரே மூச்சில் உரைநடையாக ஓடிவிடும். சில கவிதைகள் அங்கே தோற்கத்தான் செய்யும். ஆனால் வரிகளை இஷ்டப்படி உடைத்ததைத் தவிர வேறு வடிவம் எதுவும் இல்லாத கவிதையும் அங்கே உடனே அம்பலமாகும். அதையும் வடிவத்தின் மேலுள்ள கவலை என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம்.

இனி நம்முடைய சொந்த லட்சணம். 1959-ல் செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கிய நாளிலிருந்து தீவிர வாசகன் எங்கே என்று சிறுபத்திரிகை தேடிக்கொண்டிருக்கிறது. சில நூறு பேர்தான் என்று சொல்லி வருத்தப்படுவதும், அதிலேயே ஒரு பெருமிதம் கொள்வதும் நமக்குப் பழக்கம். பழைய இதழ்களை ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக ஏற்றிவிட்டு, ஆவணப்படுத்திவிட்டோம் என்று திருப்திப்படுகிறோம். பக்கத்தின் புகைப்படம் அது. அதில் எழுத்து என்று ஒன்று இல்லை. திரைவாசிப்பான் அதைத் திறந்தால் பெரும்பாலும் கிடைப்பது மௌனம், அல்லது ‘காலி’ என்ற ஒரு சொல். யூனிகோடுக்கு மாறாமல் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருப்பவை இன்னும் வேடிக்கை. பாமினியில் ‘அம்மா’ என்று கண்ணுக்குத் தெரிவது, உள்ளே ஆங்கில எழுத்துகளாக இருக்கிறது. திரைவாசிப்பான் ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்று வாசிக்கும். யூனிகோடிலேயே இருந்தாலும், பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிக்க மறந்துவிட்டால் — இது ஏ நிலையிலேயே உள்ள விதி, ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது — தமிழை ஆங்கிலக் குரல் வாசிக்கப் பார்த்து உளறும் அல்லது விட்டுவிடும்.

காசில்லை, ஆளில்லை என்பது நம் நிரந்தரப் பதில். 1998-ல் மதுரைத் திட்டம் தொடங்கியபோது அவர்களிடமும் காசில்லை. தன்னார்வலர்கள் ஊர் ஊராக, நாடு நாடாக உட்கார்ந்து பழைய நூல்களைக் கையால் தட்டச்சு செய்தார்கள், மெய்ப்புப் பார்த்தார்கள். முதலில் டிஸ்கியில், பிறகு யூனிகோடில். அந்தத் தளத்தில் அலங்காரம் என்று எதுவும் கிடையாது. பார்வையற்ற தமிழ் வாசகனுக்கு இன்று சங்க இலக்கியம் கிடைக்கிறது, நவீன விமர்சனம் கிடைக்கவில்லை என்றால் காரணம் இவ்வளவுதான். 2006-ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் எழுதத் தொடங்கி, பார்வையற்ற அவருடைய நண்பரும் சேர்ந்து வளர்த்த என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானும் இலவசம்தான். அது தமிழும் வாசிக்கும், கரகரத்த குரலில். காசில்லாதவர்கள் செய்த காரியங்கள் இவை.

தமிழாசிரியர் விஷயத்துக்கு முடிவு சொல்லிவிடுகிறேன். நான் எழுதுகிறவன் என்பது எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது. ‘தம்பி, உங்க கட்டுரை ஒண்ணு இணையத்துல இருக்குன்னாங்க. திறந்து பார்த்தேன். காலின்னு சொல்லுது’ என்றார். குத்திக்காட்டவில்லை; காலியாக இருக்கக்கூடும் என்று நினைத்தே கேட்டார் என்று தோன்றியது. பத்திரிகை ஸ்கேன் செய்து ஏற்றியிருந்த என் பதினாலு பக்கக் கட்டுரை அது, நாவலில் யதார்த்தம் குறித்து. பாஸ்வேர்டு அவரிடமிருந்து என்னிடம் வந்துகொண்டிருந்தது. கட்டுரை என்னிடமிருந்து அவரிடம் போகவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து முழுவதையும் யூனிகோடில் அடித்து, தலைப்புகளைத் தலைப்புகளாகக் குறித்து, அவருக்கு அனுப்பினேன். அடிக்கும்போதே இரண்டு வாக்கியங்கள் அர்த்தமில்லாதவை என்று தெரிந்தது. ஆனாலும் மாற்றாமல் அனுப்பினேன்.

மறுவாரம் வந்தார். பாஸ்வேர்டு சொல்ல அல்ல. எங்கள் வங்கி ஒருவழியாகக் கேப்ட்சாவுக்குக் குரல் வசதி சேர்த்திருந்தது, சுமாராக. கவுண்டரில் நாலு பேர் நிற்கும்போது, ‘மூணாவது பகுதியில நீங்க சொல்றது தப்பு தம்பி. வர்ணனை குறைஞ்சா யதார்த்தம் கூடும்னு எழுதியிருக்கீங்க. யாருக்குக் கூடும்?’ என்றார். டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், பேச முடியவில்லை. ஆறு பக்கத்தில் ஒரு மறுப்பு எழுதி அனுப்பியிருக்கிறார். அதில் பாதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அடுத்த இதழுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.